மிதியக்காவின் கால் சொன்னது

லாரி ஷெட்டுகள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்ததே பல பேருக்குத் தெரியாது. மிதியக்கா. அவ்வளவுதான். அவளைவிட வயதில் மூத்த டிரைவர்கள்கூட வெட்கமில்லாமல் அக்கா போட்டுத்தான் கூப்பிட்டார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பழைய கனரக வண்டிகளுக்குப் பிரேக் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி" என்பார். இவள் மேலே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதிப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கியது. மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்கே போய்விட்டாள். மிதிப்பது மட்டும் நிற்கவில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய லாரிகளில் பெடலை மிதித்தால், குழாய்க்குள் இருக்கும் ஆயில்தான் அந்த அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சக்கரங்களில் சேர்த்து வண்டியை நிறுத்தும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் மிதித்து மிதித்து அழுத்திப் பிடிக்க, கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற, நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் சேர்ந்து, அதில் மாட்டிய குழாய் வழியாகப் புஸ்ஸென்று ஒரு பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பார். மறுபடி மிதி, பிடி, விடு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் புருஷன் தன்னிடம் அதிகமாகப் பேசியது இந்த மூன்று வார்த்தைகளைத்தான் என்று அவள் பக்கத்து டயர் கடைக்காரரின் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆரம்பத்தில் ஷெட்டில் மிதிக்க ஓர் ஆள் இருந்தான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். "சும்மா ஒரு நிமிஷம் வந்து மிதிச்சிட்டுப் போயேன்" என்று மெக்கானிக் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். ஷெட்டுக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. அடுப்பைத் தணித்துவிட்டுப் போனாள். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடிந்தபாடில்லை. வயிற்றுப் பிள்ளையோடும் மிதித்தாள். ஸ்டியரிங்கில் வயிறு இடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மனிதர் வாயைத் திறந்து, "வேணாம், இறங்கு" என்றார். அதற்கும் மேலே எதற்குக் காத்திருந்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

மிதித்து மிதித்து அவள் காலுக்கு ஒரு கணக்குப் படிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைப்பாள். "இன்னும் கொஞ்சம் காத்து இருக்குங்க" என்பாள். "பிடிச்சா நிக்க மாட்டேங்குது, மெல்ல உள்ள போகுது, எங்கயோ கசியுது" என்பாள். எல்லாம் சரியாகிவிட்டால் ஒரே வார்த்தை: "கெட்டியா இருக்கு." அதைக் கேட்ட பிறகுதான் டிரைவர்கள் சாவியைக் கையில் வாங்குவார்கள். "காலா அது, மீட்டர்!" என்று ஒரு கிரேன் டிரைவர் சொன்னது தெரு முழுக்கப் பரவியது.

அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு முட்டி வலி வந்தது. லாரியின் படி அவள் இடுப்புக்கு வரும். ஏறுவது ஒரு வலி, மிதிப்பது ஒரு வலி, இறங்குவது மூன்றாவது வலி. "காலுக்கு ஓய்வு குடுங்கம்மா" என்றாள் டாக்டரம்மா. ஓய்வை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "மிதிக்க ஒரு ஆளைப் போடுங்களேன்" என்றாள். எத்தனையாவது தடவையோ. மெக்கானிக் எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"ஆள் போட்டா மிதிப்பான். உன் கால் மாதிரி சொல்லுவானா?"

பாராட்டியே வேலை வாங்குவதில் அந்த மனிதர் மகா கெட்டிக்காரர். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். புகழ்கிறவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள்.

அவளுக்குக் கால் என்றால் அவருக்கு ஆயில். அது ஒரு பைத்தியம். டிரைவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற ஆயிலை வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றிவிட்டு வந்து நின்றான் ஒருவன். உள்ளே ரப்பரெல்லாம் ஊறி உப்பி, பிடித்த பிரேக் விடவே இல்லை. "ஆயில்தானே அண்ணே, எதுவா இருந்தா என்ன?" என்று வேறு கேட்டான்.

"தண்ணி தாகம் எடுத்தா மண்ணெண்ணெய் குடிப்பியா நீ?" என்று கத்தினார் மெக்கானிக்.

வண்டியில் இருக்கும் அந்த டப்பாவின் மூடியில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்றுவார். மூடியில் எழுத்து அழிந்துபோயிருந்தால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். மூணாம் நம்பரும் நாலாம் நம்பரும் சொந்தக்காரர்களாம், கலந்தாலும் அனுசரித்துப் போகுமாம். ஊதா நிறத்தில் அஞ்சாம் நம்பர் என்று ஒன்று வருமாம், அது ஒட்டாத உறவாம், பழைய வண்டிக்குப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாதாம். ஆயில் டப்பாவை யாராவது திறந்துபோட்டு வைத்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "இது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான்டா. ஈரம் குடிச்சுக் குடிச்சுக் கறுத்துப் போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மொத்தத்தையும் வடிச்சிட்டுப் புதுசு விடணும். இல்லேன்னா இறக்கத்துல மிதிக்க மிதிக்கச் சூடேறிக் கொதிச்சிடும். கொதிச்சா ஆவி. ஆவியை மிதிச்சா வண்டி நிக்குமா?"

"சூடேறாதப்போ தெரியாதாண்ணே?"

"சூடேறாதப்போ நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதானே வம்பே!"

இதை மிதியக்கா சீட்டில் உட்கார்ந்தபடி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் பால் பல்லே விழாத பிள்ளை. சோறு ஊட்டி வளர்த்தது அவள்தான். வளர்ந்து, லாரி டிரைவரானான். பயந்த சுபாவம். மலை மேலே இருக்கிற ஏரியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கீழே ஊருக்கு இறங்கும் டேங்கர் லாரியை ஓட்டினான். முதலாளியின் வண்டி. அவனைவிட வயதில் மூத்த வண்டி. மேலே ஏறுகிறபோது காலி, கீழே இறங்குகிறபோது முழு டேங்க். அதனால் பிரேக்கை நம்பாமல், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி மலை முழுவதும் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்குவான். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரனடித்து ஓய்ந்துபோகும். மற்ற டிரைவர்கள் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். மிதியக்காவும் கேலி செய்வாள். "டேய், நீ கீழே வந்து சேர்றதுக்குள்ள தண்ணி பாசி பிடிச்சிடும்டா!" அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஈ என்று சிரிப்பான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெடல் உள்ளே உள்ளே போகிறது என்றான். மெக்கானிக் அடியில் போய்ப் பார்த்தார். பின் சக்கரம் ஒன்றில் ரப்பர் தேய்ந்து ஆயில் கசிந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றி, ரப்பரை மாற்றி, மாட்டி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. பிறகு காற்று எடுக்க வேண்டும்.

மிதியக்கா அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு கிரேனுக்கும் ஒரு குப்பை லாரிக்கும் மிதித்துவிட்டிருந்தாள். முட்டி வீங்கி, தொட்டால் சுட்டது. தம்பி கைகொடுத்து ஏற்றிவிட்டான். மிதி, பிடி, விடு. அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் காற்று எடுத்து முடித்ததும் பெடல் காலுக்கடியில் நின்றது. அசையவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள்.

கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "ஆயில் கறுப்பா வருதே. டேய் மாப்ளே, கடைசியா எப்ப மாத்தினது?"

"மாத்தினதா? குறையக் குறைய ஊத்துவோம் மாமா. மாத்தினதா எனக்கு ஞாபகமே இல்ல."

"எல்லாச் சக்கரத்துலயும் வடிச்சிட்டுப் புதுசு விட்டுரலாமா? என்ன சொல்றே?"

கேள்வி அவளுக்குத்தான். எல்லாச் சக்கரத்திலும் வடிப்பது என்றால் பழைய ஆயில் முழுதும் வெளியே போய், புதுசு வருகிற வரைக்கும் மிதிக்க வேண்டும். சாயங்காலம் முழுக்க மிதிக்க வேண்டும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் யார் பார்க்கப் போகிறார்கள், மேலே தனியாகத்தானே உட்கார்ந்திருந்தாள்.

"கெட்டியாத்தாங்க இருக்கு" என்றாள். "கல்லு மாதிரி இருக்கு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

கீழே நிப்பிளை இன்னொரு தடவை இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உன் கால் சொன்னாச் சரி" என்று மெக்கானிக் உருண்டு வெளியே வந்தார். அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். மேலே டப்பாவில் குறைந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றி மூடினார். தம்பி காலி வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினான். ராத்திரி ஏரிக்கரை மோட்டார் அறையில் படுத்துக்கொண்டு, காலையில் தண்ணீர் நிரப்பி இறங்குவது அவன் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் கடைத்தெருப் பக்கம் போயிருந்தார். மிதியக்கா ஷெட்டைக் கூட்டினாள். சாமான் வைக்கும் பெஞ்சுக்கு அடியில் நேற்றைய பாட்டில் அப்படியே இருந்தது. வடித்த ஆயிலை எப்போதும் அவரே உடனே அப்புறப்படுத்திவிடுவார். பட்ட இடத்தில் பெயிண்டைத் தின்றுவிடும். நேற்று அலுப்பில் விட்டுவிட்டார் போலிருக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவள் மிதித்த ஆயிலை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். மேலே உட்கார்ந்திருப்பவளுக்குக் கீழே என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்? கரி பிடித்த சட்டியைத் தேய்த்துக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அடியில் மண்டி வேறு.

மனசு என்னவோ செய்தது. நம்பாத டிரைவர்களுக்கு மெக்கானிக் ஒரு வித்தை காட்டுவார். சீட்டில் இருந்தபடி தூரத்தில் பார்த்திருந்த அதையே அவளும் செய்தாள். முற்றத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தகரத் தட்டை மேலே வைத்து, ஒரு பக்கம் புது ஆயில் ஒரு சொட்டு, மறு பக்கம் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு விட்டாள். தட்டு சூடேறியது. புது ஆயில் தேமே என்று கிடந்தது. பழையது அதற்குள் குமிழ் குமிழாகக் கொதித்துப் படபடவென்று வெடித்தது.

 ஸ்டவ்வை அணைக்கக்கூட மறந்து போனைத் தேடி ஓடினாள். அந்த முட்டியோடுதான் ஓடினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறபோது அவன் போனை எடுக்க மாட்டான். அவள்தான் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மெக்கானிக் வந்தார். அவள் பாட்டிலை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், தகரத் தட்டைப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"இறங்கிட்டிருப்பானா?"

"இந்நேரம் பாதி மலை வந்திருப்பான்" என்றாள். "ரெண்டாவது கியர்லதானே வருவான். எப்பவும் அப்படித்தானே வருவான். அந்தக் கியர்ல வந்தா பிரேக்கு அவ்வளவா சூடாகாது இல்லே?"

"ஆகாது. நாம கிளம்பிப் போறதுக்குள்ள அவனே கீழே வந்துடுவான்."

"ஆமைன்னு சொல்வாங்களே, ஆமையாவே வந்துடட்டும்" என்றாள். மறுபடியும் அவன் நம்பரை அழுத்தினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பள்ளிக்கூடப் பஸ் டிரைவர் வந்து நிற்க வேண்டும்? நாளைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்றார். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே ஏறினாள். மடியில் போனை வைத்துக்கொண்டு மிதித்தாள். பிடித்தாள். விட்டாள். போன் மூச்சு விடவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து கேட்டார்.

வெறுங்கால் பெடலின் மேல் இருந்தது. கெட்டியாகத்தான் இருந்தது. நேற்றும் இப்படித்தானே இருந்தது?

"தெரியல" என்றாள்.

பஸ் டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் மிதியக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. "ஆயில் எப்படி வருதுன்னு பாருங்க. என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா... எனக்கு ஒண்ணும் இல்லக்கா. முதல்லயே சொல்லிட்டேன், பயப்படாதே. வண்டி மலைப் பக்கம் ரோட்டோர ஓடைக்குள்ள இறங்கி நிக்குது. மாமாவைக் கொஞ்சம் வரச் சொல்லு."

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும், "நானும் வர்றேன்டா" என்றாள்.

பஸ்ஸைத் திரும்பி வந்து முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்; டயர் கடைக்காரர் தன் சின்ன வேனில் கூட்டிக்கொண்டு போனார். புது ஆயில் டப்பாக்கள், ஸ்பேனர், ரப்பர் குழாய், பாட்டில் எல்லாம் ஏற்றிக்கொண்டார்கள்.  பாதி மலையில், ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், டேங்கர் நின்றுகொண்டிருந்தது. வேறொரு லாரிக்காரர் கயிறு கட்டி ஓடையிலிருந்து இழுத்து ஓரமாக நிறுத்திக் கொடுத்திருந்தார். எடை குறையட்டும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள், ரோடெல்லாம் ஈரம். சக்கரங்களுக்கு அண்டைக் கல் வைத்திருந்தது. வண்டியின் இடது பக்கம் முழுக்கப் பாறை உரசிய கோடு. வலது பக்கம் சாலைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம். அதை மிதியக்கா ஒரு தடவைதான் பார்த்தாள்.

தம்பியின் நெற்றி புடைத்திருந்தது. முழங்கை சிராய்த்திருந்தது. அவள் அவன் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ரெண்டாவது கியர்லதானேடா வருவே! அப்புறம் எப்படிடா?"

"இன்னிக்கு மூணுல வந்தேன்க்கா" என்றான் தம்பி. முகத்தில் இன்னும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. "நீ கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னியே, அந்தத் தைரியத்துல வந்தேன். பின்னாடி வந்த பஸ்காரன் ஒரு ஹாரன் அடிக்கணுமே! ஒவ்வொரு வளைவுலயும் மிதிச்சு மிதிச்சுத்தான் வந்தேன், திடீர்னு மிதிச்சா பெடல் அப்படியே கீழே போய் ஒட்டிக்கிச்சு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஒண்ணுமே இல்ல. கை பிரேக்கை இழுத்து, கியரைப் போராடிக் குறைச்சு, மலைப் பக்கம் சாத்திட்டேன்."

 பிறந்ததிலிருந்து பயந்தே வாழ்ந்த பிள்ளை. ஒரே ஒரு நாள் பயப்படாமல் இருந்திருக்கிறான், அதுவும் அவள் பேச்சை நம்பி. 

"அதைவிட அதிசயம் கேளு" என்றான் அவன். "வண்டி நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு மிதிச்சுப் பாத்தா, பெடல் நல்லா இருக்கு! முதலாளிக்குப் போன் பண்ணி அதையும் சொல்லிட்டேன். 'பிரேக்குதான் நல்லா இருக்கே, அப்போ தூங்கிட்டியா?'ங்கிறார். வண்டியைக் கீழே விட்டுட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போயிடுன்னுட்டார். நான் தூங்கலக்கா. ஆனா கால் சரியா வைக்கலையோன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

மிதியக்கா படியில் கால் வைத்தாள். முட்டி 'களுக்' என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். கெட்டியாக இருந்தது. கல் மாதிரி இருந்தது. நேற்று இருந்த அதே கல். ஆயில் ஆறிவிட்டது, ஆவி அடங்கிவிட்டது, பெடல் நல்ல பிள்ளையாகிவிட்டது. எத்தனையோ தடவை கேட்டுப் புளித்த பேச்சுத்தான். காலுக்கு மட்டும் அது இத்தனை நாளும் ஏறவே இல்லை.

"அந்தப் போனைக் குடு" என்றாள்.

முதலாளி எடுத்ததுமே கத்தினார். அவர் கத்தி முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"நான் அவனோட அக்கா பேசறேன். பிரேக்கு பழுதுதாங்க. ஆயில் செத்துப்போய்க் கிடக்கு. வருஷக்கணக்கா மாத்தவே இல்ல, சூடுல கொதிச்சிடுச்சு. ஆறினா நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும்."

"அப்போ நேத்து வேலை பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பினது யாரும்மா?"

"நான்தான்."

அடுத்த கேள்வி வருவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"தூங்கினது அவன் இல்லீங்க. நான்தான். அவன்கிட்ட சாவியைப் பிடுங்காதீங்க. மொத்தத்தையும் மாத்தி, அவனையே எடுத்துட்டு வரச் சொல்றேன்."

முதலாளி என்னவோ முணுமுணுத்தார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், சனியன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சரி என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தாள். கீழே நின்ற தம்பி வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மெக்கானிக் கிட்ட வந்தார். "எல்லாத்தையும் ஏன் உன் தலையிலயே போட்டுக்கறே? பாட்டிலைப் பாத்தவன் நான்தானே."

"நீங்க கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன்."

"நீ வேணாம்னு சொல்லணும்னுதான் நானும் கேட்டேன்" என்றார் அவர். "எனக்கும் முடியல நேத்து."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வயதாகிவிட்டது இந்த மனிதருக்கு. எப்போது ஆனது என்று தெரியவில்லை. அவர் வண்டிக்கு அடியிலும் அவள் வண்டிக்கு மேலேயும் இருந்ததில் கவனிக்க நேரமே கிடைக்கவில்லை. அவர்மேல் கோபப்படலாமா என்று யோசித்தாள். அதற்கும் தெம்பில்லை.

"சரி, தொடங்குவோம்" என்றார் மெக்கானிக். "மேலே டப்பா காலியாகாம ஒருத்தர் ஊத்திட்டே இருக்கணும், மறுபடி காத்து புகுந்துடும். அதை நான் பாத்துக்கறேன். நீ..."

"நான் மிதிக்க மாட்டேன்" என்றாள்.

அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தார். என்ன தோன்றியதோ, கையிலிருந்த ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

தம்பி சீட்டில் ஏறினான். மெக்கானிக் டப்பாவைத் திறந்து, புது ஆயிலோடு நின்றார். மிதியக்கா ஸ்பேனரை வாங்கிக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போனாள். மண்டியிட முடியவில்லை. ஈரத் தரையில் ஒரு சாக்கைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டாள்.

"மிதி" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்வது அவளுக்குப் புதுசு. "பிடி." திறந்தாள். கறுப்பாக வந்தது. மூடினாள். "விடு."

பாட்டில் நிறைந்தது. வேறு பாட்டில் மாற்றினாள். கறுப்பு பழுப்பானது, பழுப்பு கலங்கல் ஆனது. ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்தாள், நகர்ந்தாள் என்பதைவிடத் தேய்த்துக்கொண்டு போனாள். டயர் கடைக்காரர் போகிற வண்டிகளுக்குக் கை காட்டி வழி விட்டுக்கொண்டிருந்தார். முன் சக்கரத்துக்கு வந்தபோது தம்பிக்கு மூச்சு வாங்கியது. மேலேயிருந்து முனகினான்.

"அக்கா, காலு விட்டுப்போச்சுக்கா. நீ எப்படி இத்தனை வருஷமா மிதிச்சே?"

 குழாயில் இன்னும் லேசாகப் பழுப்பு ஓடியது.

"அதான் கெட்டியாயிடுச்சேக்கா. கல்லு மாதிரி இருக்கு. போதும்."

"கெட்டியா இருக்குன்னு மட்டும் சொல்லாதேடா" என்றாள் மிதியக்கா. கண்ணைத் துடைக்கக் கை சும்மா இல்லை. "மிதி."